ஆபீஸில் வாய் திறக்காத டெல்டாக்காரர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மன்னார்குடியில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிப் பாருங்கள். பெட்டி முழுக்க நம் பிள்ளைகள்தான். சீட்டுக்கு அடியில் வீட்டு அரிசி, மடியில் லேப்டாப் பை, மாயவரம் தாண்டும்வரை ஓயாத பேச்சு, கிண்டல், சிரிப்பு. அதே பிள்ளைகளை மறுநாள் காலை பத்து மணி மீட்டிங்கில் பார்த்தால் அடையாளம் தெரியாது. கடைசி நாற்காலி, குனிந்த தலை, கேட்டால் மட்டும் "எஸ் சார்".

நானும் அந்தக் கடைசி நாற்காலியில் நாலு வருஷம் உட்கார்ந்தவள்தான். திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடைக் கிராமம், தமிழ் மீடியம், பி.காம்., சென்னையில் ஒரு மருந்து விநியோகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. இப்போது தஞ்சாவூரில் இருக்கிறேன், என் கீழே ஏழு பேர் வேலை செய்கிறார்கள், அதில் நாலு பேர் அன்றைய என்னைப் போலவே வாயைத் திறப்பதில்லை. அவர்களிடம் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் இதை எழுதுகிறேன்.

சென்னையில் இரண்டாவது வருஷம் நடந்தது இது. மூன்று வாரம் உட்கார்ந்து டீலர் கணக்குகளைப் பொருத்திப் பார்த்து, ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தேன். பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினேன். மாத முடிவு மீட்டிங்கில் அவர் அதை "நாங்கள் கண்டுபிடித்தோம்" என்று ஆரம்பித்து, இரண்டு நிமிடத்தில் "நான்" என்று முடித்தார். மேனேஜர் பாராட்டினார். நான் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி ஹாஸ்டலில் அழுதேன், அந்த ஆளைத் திட்டினேன். அவர் செய்தது தப்புதான், ஆனால் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தது நான்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வயலில் பயிர் நன்றாக நின்றால் யாரும் சொல்ல வேண்டியதில்லை, வரப்பில் போகிற வருகிறவன் பார்த்து ஊருக்கே சொல்லிவிடுவான். அதைப் பார்த்து வளர்ந்ததால், வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும், தானாகத் தெரியும் என்று நம்பிவிடுகிறோம். ஆபீஸில் உங்கள் வேலை ஒரு ஃபைலுக்குள் இருக்கிறது, அந்த ஃபைல் ஒரு ஃபோல்டருக்குள் இருக்கிறது, அந்தப் பக்கம் வரப்பே கிடையாது. நீங்கள்தான் எடுத்துக் காட்ட வேண்டும். காட்டுவது தற்பெருமை இல்லை, வேலையின் இன்னொரு பாதி.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

தைரியம் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று உட்கார்ந்திருந்தால் அது வரவே வராது. எனக்கு இன்றைக்கும் பெரிய மீட்டிங்கில் கை சில்லிட்டுத்தான் போகிறது. கையில் கணக்கு இருந்தால் குரல் நடுங்கினாலும் பேச்சு நிற்காது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டே வரி எழுதுங்கள். தேதி, செய்தது என்ன, எத்தனை, அதனால் என்ன ஆயிற்று. என் பழைய நோட்டில் இருப்பது இப்படி: "மார்ச் 6. 3 டீலர் கணக்கு பொருத்தியாயிற்று. 9 வித்தியாசம். 2 பில் இரட்டை. 41,300 ரூபாய் கொடுக்காமல் நிறுத்தியது." எண் இல்லாத வரியை எழுதாதீர்கள். "நிறைய வேலை இருந்தது" என்று எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆறு மாதம் கழித்து அதைப் படித்தால் உங்களுக்கே ஒன்றும் புரியாது.

வெள்ளிக்கிழமை மாலை அந்த நோட்டைப் பார்த்து மேனேஜருக்கு ஒரு மெயில். மூன்று பகுதி போதும்: இந்த வாரம் முடிந்தது, இழுத்துக்கொண்டிருப்பது, அவரிடமிருந்து வேண்டியது. "டீலர் கணக்கு 12-இல் 9 முடிந்தது. மிச்சம் 3-க்கு ஸ்டேட்மெண்ட் வரவில்லை. திருச்சி கிளைக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் புதன்கிழமைக்குள் முடித்துவிடுவேன்." இவ்வளவுதான் மெயில்.

இதை ஜால்ரா என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் நினைத்தேன். மேனேஜர் ஆன பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. எனக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், திங்கட்கிழமை அவர் என்னைக் கேட்பார், அப்போது யாருடைய மெயில் கையில் இருக்கிறதோ அவருடைய வேலைதான் என் வாயில் வரும். எழுதாத பிள்ளை நன்றாகவே வேலை செய்திருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வராது. கூட வேலை செய்தவர் பெயரையும் மெயிலில் போடுங்கள், அது முக்கியம். என் பில் கதையில் நடந்ததை நீங்கள் இன்னொருவருக்குச் செய்துவிடக் கூடாது.

மீட்டிங்கில் முதல் வாக்கியம்

முறைப் பாசனத்தில் நம் முறை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். தூங்கிவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும், அதற்காக யாரும் வருத்தப்படப் போவதில்லை. மீட்டிங்கும் ஏறக்குறைய அப்படித்தான். முதல் பத்து நிமிடத்தில் ஒரு தடவை வாயைத் திறந்துவிட வேண்டும், என்ன சொன்னீர்கள் என்பதுகூட இரண்டாம்பட்சம். நேரம் ஆக ஆக மௌனம் கெட்டிப்பட்டுவிடும், அரை மணி நேரம் சும்மா இருந்தவர் திடீரென்று பேசினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பயத்திலேயே நாம் பேச மாட்டோம்.

அதற்கு, முந்தின நாளே ஒரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியாக இருந்தால் இன்னும் சுலபம். "இந்த 14 நாள் என்பது பில் தேதியிலிருந்தா, சரக்கு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்தா?" என்று நான் கேட்டதுதான் என் வாழ்க்கையிலேயே ஒரு மீட்டிங்கில் நானாகக் கேட்ட முதல் கேள்வி. அறையில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. முட்டாள்தனமான கேள்வி என்று ஒரு வாரமாக நான் அடக்கி வைத்திருந்த கேள்வி அது.

எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் விஷயம்தான். கதவோரம் வேண்டாம், பேசுபவரின் கண்ணில் படுகிற இடமாகப் பாருங்கள். ஆன்லைன் மீட்டிங் என்றால் கேமராவைப் போட்டுவிடுங்கள், பின்னால் கொடியில் துணி காய்ந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு.

தெரியாததைக் கேட்டால்? "தெரியாது" என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் வேண்டாம், தெரிந்த மாதிரி உளறவும் வேண்டாம். "பார்த்துவிட்டு நாலு மணிக்குள் சொல்கிறேன்." நாலு மணிக்குள் சொல்லிவிடுங்கள், முடிந்தால் மூன்றரைக்கே. இதை நாலைந்து தடவை தவறாமல் செய்தவரின் பேச்சை அப்புறம் யாரும் தட்ட மாட்டார்கள். இடையில் புகுந்து உங்கள் பேச்சை வெட்டுபவர்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. அவர் முடிக்கும்வரை விட்டுவிட்டு, "நான் சொல்லிக்கொண்டிருந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது" என்று அதே குரலில் தொடருங்கள். கோபம் வேண்டாம். சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பதும் வேண்டாம், நாம் அதில்தான் கெட்டிக்காரர்கள்.

இங்கிலீஷ்

இதுதான் பெரிய பயம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. ஆபீஸ் இங்கிலீஷ் என்பது கடல் இல்லை, குளம். அதே சில நூறு வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: நினைவூட்டுவது, தாமதத்துக்கு வருத்தம் சொல்வது, தேதி கேட்பது, மறுப்பது. உங்கள் மெயில் பெட்டியிலேயே நன்றாக எழுதுகிற இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்கள் வாக்கியங்களை ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள், பெயரையும் தேதியையும் மாற்றிப் பயன்படுத்துங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதை மூன்று மாதம் செய்து பாருங்கள்.

பேச்சுக்கு, நாளைக்குச் சொல்லப் போவதைப் போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை. நம்மவர்களின் குறை பெரும்பாலும் இலக்கணம் இல்லை, வேகம். பயத்தில் கடகடவென்று கொட்டி முடித்துவிடுவோம். மெதுவாகப் பேசினால் பாதித் தப்பு தானாகப் போய்விடும். எதிரே இருப்பவர் சொன்னது புரியவில்லையா, "ஒன்ஸ் மோர் ப்ளீஸ்" என்று கேட்டுவிடுங்கள். தலையாட்டிவிட்டு வந்து, அவர் என்ன சொன்னார் என்று நாலு பேரிடம் விசாரிப்பதுதான் உண்மையான அவமானம்.

கும்பகோணத்தில் வளர்ந்து அங்கே டவுன் ஹைஸ்கூலில் படித்த ஒரு பையன் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். அவரும் அக்கவுண்ட்ஸ் பிரிவுதான், எனக்கு அதில் ஒரு சந்தோஷம். ராமானுஜன். 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த கணித மேதை ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தை ஒரு தடவை தேடிப் படியுங்கள், கணிதம் புரியாவிட்டாலும் ஆரம்பத்தை மட்டும். நான் ஒரு குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டுதான் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டு, தான் என்ன செய்திருக்கிறேன் என்பதைப் பக்கம் பக்கமாக எடுத்து வைக்கிறார். இல்லாததை மறைக்கவில்லை, அதற்காகக் கூனிக் குறுகவும் இல்லை. அதற்கு முன்னால் வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கு எழுதியிருந்தார், பயன் இல்லை. மூன்றாவதாகவும் எழுதினார். அவர் ஆபீஸில் நாராயண ஐயர் என்ற மேலதிகாரி அவருக்குப் பக்கபலமாக நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அந்த மாதிரி ஒருவர் அமைவது பாதி அதிர்ஷ்டம், பாதி நாம் நம் வேலையை அவரிடம் காட்டியிருப்பது.

எக்ஸெல் கற்க நெல் கணக்கு

எந்தத் திறமையைக் கற்பது என்று கேட்டால், உங்கள் பிரிவில் எல்லோரும் யாரோ ஒருவரிடம் போய்க் கெஞ்சி வாங்கிவரும் வேலை எதுவோ, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஆபீஸ்களில் அது எக்ஸெல்தான். வீடியோ பார்த்துக் கற்கிறேன் என்று யாரோ ஒரு அமெரிக்கக் கடையின் விற்பனைக் கணக்கை வைத்துப் பழகுவதில் மனசு ஒட்டாது. உங்கள் வீட்டுக் குறுவைக் கணக்கை எடுங்கள். அப்பா டைரியிலோ காலண்டர் பின்பக்கத்திலோ எழுதி வைத்திருப்பார்.

ஒரு ஷீட்டில் தேதி, வயல், வேலை, அளவு, தொகை என்று ஐந்து பத்தி போடுங்கள். உழவு, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, அறுவடை மெஷின் வாடகை, எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியாக ஏற்றுங்கள். ஒரே பெயருள்ள வரிகளைச் சேர்த்துக் கூட்டிக் காட்டும் பிவட் டேபிளைப் போட்டதும் முதல் பாடம் கிடைக்கும்: நீங்கள் ஒரு இடத்தில் "நடவு", ஒரு இடத்தில் "நடவு கூலி", இன்னொரு இடத்தில் "நடவுக்கூலி" என்று அடித்திருப்பீர்கள், அது மூன்று தனித்தனி வேலையாக வந்து நிற்கும். டேட்டாவைச் சுத்தம் செய்வது என்று பெரிய கம்பெனிகளில் மாதக்கணக்கில் நடப்பது இதுதான். அதைத் தடுக்க, பெயரை அடிக்காமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் லிஸ்ட் எப்படிப் போடுவது என்று அன்றே கற்றுக்கொள்வீர்கள்.

அடுத்து அளவு. வீட்டில் எல்லோரும் மாக் கணக்கில் பேசுவார்கள், பேங்க் ஏக்கரில் கேட்கும். 20 மா ஒரு வேலி, ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். மாவை ஏக்கராக மாற்ற ஒரு ஃபார்முலா. ஒரு மாவுக்கு என்ன செலவு என்று இன்னொரு ஃபார்முலா. உர விலையைத் தனி ஷீட்டில் வைத்து, அங்கிருந்து தேடி எடுத்துத் தரும் வி.லுக்கப் ஃபார்முலாவில் எடுத்து வாருங்கள், அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது, யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ, மூட்டை எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் கிலோ தப்பாக வரும். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லை 40 கிலோ மூட்டையாக ஏற்றி, ஈரப்பதப் பத்தியில் 17 சதவீதத்தைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகிற மாதிரி செய்யுங்கள். இத்தனையும் செய்து முடிக்கும்போது ஆபீஸில் கேட்கும் வேலையில் பெரும்பகுதி உங்கள் கையில் இருக்கும். கூடவே குறுவையில் உண்மையில் மிச்சம் என்ன என்பதும் தெரிந்துவிடும், அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022-இல் தமிழக அரசு ஆரம்பித்த நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சிகள் இருக்கின்றன. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டெல். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். சான்றிதழ் நல்லதுதான். ஆனால் இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருக்கும் நான் பத்துச் சான்றிதழைவிட அந்த நெல் ஷீட்டைத்தான் அதிக நேரம் பார்ப்பேன்.

சம்பளம் கேட்பது

ஏப்ரலில் சம்பள உயர்வு லெட்டர் கையில் வந்த பிறகு மேனேஜர் அறைக்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதில் பயன் இல்லை. நிதியாண்டுக் கணக்கில் சம்பளம் ஏற்றும் கம்பெனிகளில் அந்தத் தொகையை அதற்கு வெகு முன்பே பேசி முடித்திருப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்து திரும்பிய கையோடு பேசிவிடுங்கள். "இருபது நிமிடம் வேண்டும், என் அடுத்த வருஷ வேலையைப் பற்றிப் பேச" என்று நேரம் கேட்டு வாங்குங்கள், காரிடாரில் நிறுத்திக் கேட்காதீர்கள்.

கையில் ஒரு பக்கம். அந்த நோட்டிலிருந்து எடுத்த மூன்று வேலை, எண்ணோடு. அதற்குக் கீழே நீங்கள் எதிர்பார்க்கும் தொகை. தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். இங்கே மட்டும் மௌனம் நல்லது, நாமோ சரியாக இங்கேதான் "இல்ல சார், நீங்க பார்த்து செய்யுங்க" என்று கெடுத்துவிடுவோம். தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன், புயலில் ஓடு பறந்தது, இதையெல்லாம் காரணமாகச் சொல்லாதீர்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்டால் கிடைப்பது உதவி, அதுவும் ஒரு தடவைதான்.

இல்லை என்று சொன்னால், "அடுத்த படிக்கு என்னிடம் என்ன குறைகிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அன்று மாலையே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள், "நீங்கள் சொன்னபடி இந்த இரண்டையும் செப்டம்பருக்குள் செய்கிறேன்" என்று. செப்டம்பரில் மறுபடி போய் நில்லுங்கள். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் தானாக வந்துவிடாது, எங்கே அடைத்திருக்கிறது என்று வாய்க்காலோடு மேலே நடந்து பார்த்தவர்கள்தான் நம் ஆட்கள்.

புது வேலையில் சொல்லும் தொகை சி.டி.சி.யா (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்த வருஷச் செலவு), கைக்கு வருவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சி.டி.சி.யில் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையும் சேர்ந்திருக்கும், பன்னிரண்டால் வகுத்துக் கனவு காணாதீர்கள்.

சார், மேடம், பெயர்

சென்னை, பெங்களூர் கம்பெனிகளில் ஐம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். நமக்கு நாக்கு வராது. மெயிலில் பெயர் போட்டுப் பழகுங்கள், வாய் தானாகப் பின்னால் வரும். அதுவரை "சார்" என்றால் யாரும் கடிக்கப் போவதில்லை. ஆனால் மரியாதை வேறு, ஒத்துக்கொள்வது வேறு. "சார், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்து எவ்வளவு பெரிய தப்பையும் சுட்டிக்காட்டலாம், நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். ஆபீஸில் என்னை "அக்கா" என்று கூப்பிடுகிற பிள்ளைகளுக்கு ஒன்று: கூப்பிடுங்கள், பிடிக்கிறது, ஆனால் அக்காவாச்சே என்று கெடுவைத் தள்ளிப் போடாதீர்கள்.

பெண்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். மாறுதல் வந்தாலோ பொறுப்பு கூடினாலோ "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பதை மேனேஜரிடம் முதல் பதிலாகச் சொல்லாதீர்கள். வீட்டில் கேட்பது நம் விஷயம், அவரிடம் "இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன்" என்றால் போதும். இன்னொன்று, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சேர்ந்த முதல் வாரத்திலேயே அதில் யார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரச்சினை வந்த பிறகு கேட்பதைவிட அது சுலபம்.

ஊருக்கே திரும்பி வந்தால் வளர்ச்சி போய்விடுமா என்று பலர் கேட்கிறார்கள். தஞ்சாவூரிலேயே 2024-இல் டைடல் நியோ என்ற ஐ.டி. பூங்காவைத் திறந்துவிட்டார்கள், அதற்கு வெளியேயும் மருத்துவமனை, வங்கி, அரிசி ஆலை என்று கணக்கும் கம்ப்யூட்டரும் தெரிந்த ஆட்களுக்கு வேலை இருக்கிறது. சம்பளம் குறையும், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் சின்ன ஆபீஸில் பில் போடுவது முதல் ஆடிட்டரிடம் பேசுவது வரை எல்லாம் உங்கள் தலையில் விழும், சென்னையில் ஐந்து வருஷத்தில் கிடைக்காதது இரண்டு வருஷத்தில் கிடைத்துவிடும்.

வேலையை விடுவது என்று முடிவு செய்தால் திட்டு வாங்கிய அன்று மட்டும் விடாதீர்கள். நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்து, ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு செய்யாமல், அதே யூ.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஐந்து வருஷத் தொடர் சர்வீஸ் ஆகும் முன் எடுத்தால் வரி வேறு வரும். நோட்டு உங்களுடையது, அதில் கம்பெனி ரகசியம், கஸ்டமர் பெயர் எதுவும் இல்லாமல் எழுதியிருந்தால் கூடவே எடுத்துப் போகலாம். நான் சென்னையை விட்டு வரும்போது அப்படி ஏழு நோட்டு இருந்தது, அரிசிப் பையில் போட்டுத்தான் கொண்டு வந்தேன்.